மெதுவா மாஸ்டரின் இருபத்திரண்டு

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல் என்றால் திட்டித்தான் ஆரம்பிப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மனிதர் அவ்வளவு மெதுவு. ஷூ லேஸ் கட்ட ஐந்து நிமிஷம். டீ குடிக்க இருபது நிமிஷம், அதிலும் ஆறின டீயில்தான் ருசி தெரியும் என்று ஒரு தத்துவம் வேறு. நானோ எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள். தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டர் என்னுடையது. வரிசையில் நிற்பவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எடை போட்டு, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். இப்படி ஒருத்தியையும் அப்படி ஒருத்தரையும் முடிச்சுப் போட்டது யார் என்று கேட்காதீர்கள். நாங்களேதான் போட்டுக்கொண்டோம்.

அவருக்கு வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. மார்க்கெட்டுக்குப் பின்புறம் டயர் கடை மாடியில் இருக்கிறது அந்தப் பள்ளி. ஒரு அறை, ஒரு கரும்பலகை, சுவரில் சாலைக் குறிகளின் படம், கீழே தெருவில் ஒரு வெள்ளைக் கார். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவர் காலடியில் இன்னொரு பிரேக். முப்பத்தோரு வருஷம் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "மெதுவா... மெதுவா... கிளட்ச்ச மெதுவா விடுங்க" என்று ஒரே சுருதியில் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் உயர்ந்ததே கிடையாது. லாரிக்கு நேரே வண்டியை விட்டவர்களிடமும் அதே "மெதுவா"தான். ஊருக்குள் பெயர் சொல்லி விசாரித்தால் அவரை யாருக்கும் தெரியாது. மெதுவா மாஸ்டர் வீடு என்றால் பால்காரரே கூட்டிவந்து விட்டுவிடுவார்.

நானும் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனவள்தான். முதல் நாளே பள்ளியின் பெயர்ப்பலகையை இடித்துச் சாய்த்தேன். மனிதர் இறங்கினார், பலகையை நிமிர்த்தினார், மறுபடி ஏறி உட்கார்ந்தார். "மேடம், ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது. மெதுவா" என்றார். வேகத்துக்காகவே தேர்வில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு பார்சலைத் தூக்கிக்கொண்டு என் கவுண்டருக்கு வர ஆரம்பித்தார். எல்லாம் அவருடைய அக்காவுக்கு. ஒன்றே கால் வருஷம் இப்படியே போனது. "பழைய பேப்பரை ஏண்டா வாரா வாரம் பார்சல் பண்ற?" என்று அந்த அக்கா போன் போட்டுக் கேட்ட பிறகுதான் ஐயா விஷயத்துக்கு வந்தார். "என்னைக் கட்டிக்கிறீங்களா, மேடம்?" அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த மேடம் போகவில்லை. கொஞ்சுவதானாலும் கண்டிப்பதானாலும் எனக்கு அந்த ஒரு சொல்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் அவர் என் புருஷனே இல்லை, மலை ஏரியின் புருஷன். அங்கே டிரவுட் என்று ஒரு மீன் உண்டு. குளிர்ந்த தண்ணீரில் வளரும், உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும், சந்தேகப் புத்தி அதிகம். அதைப் புழு மாட்டிப் பிடிப்பது இவருக்குக் கேவலமாம். பொய்ப்பூச்சி கட்டித்தான் பிடிக்க வேண்டுமாம். சாப்பாட்டு மேஜையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, நகத்தளவு கொக்கியில் என் தையல் பெட்டி நூலையும் கோழி இறகையும் சுற்றிச் சுற்றிப் பூச்சி செய்வார். ஒரு நாள் என் சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியை எடுத்து ஒன்று கட்டியிருக்கிறார். அதற்கு மூன்று மீன் விழுந்தது. விழுந்ததோடு விட்டாரா? காரில் ஏறிய அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். பார்சல் கவுண்டரில் வந்து நிற்கிறவர்கள் என் தலையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. நான் பேசாமலிருந்ததைக் கவனிக்கவே அவருக்கு ஒன்றரை நாள் ஆனது.

எனக்கு மீன்பிடி பிடிக்காது. ஆனால் காதுக்கு மூடி கிடையாதே. பூச்சி கட்டிக்கொண்டே அவர் சொன்னதெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. "ஆத்துல தண்ணியே பூச்சிய இழுத்துட்டுப் போய் மீன் வாயில குடுக்கும், மேடம். ஏரில அப்படி இல்ல, மீன்தான் இரை தேடி அலையும். கரைக்குப் போனதும் தொபுக்குன்னு தண்ணில இறங்கக் கூடாது. பாதி மீன் நம்ம காலடியிலதான் மேஞ்சுட்டிருக்கும். முதல் வீச்சு கரையோரமா வீசணும்." காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கரையில்தான் பூச்சிகள் ஒதுங்கும், அங்கேதான் மீனும் ஒதுங்கும். முகத்தில் காற்று அறைகிறதே என்று முதுகைக் காட்டி நிற்பவனுக்கு வெறும் காற்றுதான் மிச்சம். இதெல்லாம் கிடக்கட்டும். அவருடைய பெரிய வித்தை எண்ணுவது.

"ஏரிங்கிறது மாடி வீடு மாதிரி," என்பார். "மீன் இன்னிக்கு எந்த மாடில குடியிருக்குன்னு தெரியாது. கனமான தூண்டில் சரடப் போட்டு, அது இறங்க இறங்க எண்ணணும். பத்து எண்ணி இழுத்துப் பாரு. இல்லையா, அடுத்த தடவை பதினஞ்சு. இல்லையா, இருபது. எந்த எண்ல மீன் தட்டுதோ அன்னிக்கு அந்த எண்ணுதான்." அந்த எண்களை நாள், காற்று, வெயில் சகிதம் ஒரு நீல நோட்டில் எழுதி வைப்பார். கடைசியில் ஒன்று சொல்வார். சரடை இழுத்துக்கொண்டே வந்து, பூச்சி படகுக்குப் பக்கத்தில் வந்ததும் வெடுக்கென்று தூக்கிவிடக் கூடாதாம். அங்கே நிறுத்த வேண்டும். மீன் அவ்வளவு தூரம் பின்னாலேயே வந்திருக்கும். பூச்சி நின்றதும்தான் சரி கடிக்கலாம் என்று அதற்குத் தோன்றுமாம். "தூக்குறதுக்கு முன்னாடி ஒரு நிறுத்தம். அதுலதான் மேடம் பாதி மீனு." ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பதையே மனிதர் மீனை வைத்து முப்பது வருஷமாக எனக்குச் சொல்லிப் பார்த்தார். என் மண்டையில் ஏறினால்தானே.

போன வருஷம் குளிர் ஆரம்பித்த சமயம், ஒரு காலை வகுப்பில், ஒரு பல் டாக்டரம்மாவுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் வலது கை மடியிலிருந்து நழுவியது. "ஓரமா நிறுத்துங்க" என்றார். அந்த அம்மா அழகாக ஓரங்கட்டி, இண்டிகேட்டரையும் போட்டு நிறுத்தினார். நிறுத்தின பிறகுதான் இவர் வாய் கோணியது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது விழக் கூடாது என்று அதற்கும் பொறுத்திருந்தார் போல.

மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வலது கை அசையவில்லை, வலது காலை இழுத்து இழுத்து நடக்கலாம். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. ஆனால் பேச்சு போய்விட்டது. போனது அத்தனையும் போய், ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. "போதும்."

தண்ணீர் வேண்டுமா? போதும். ஜன்னலைத் திறக்கவா? போதும். வெளியூரிலிருக்கும் மகள் போனில் "அப்பா, நல்லாருக்கீங்களா?" என்று அழுதால், அதற்கும் போதும். பசியோடு தட்டைப் பார்த்துக்கொண்டே "போதும்" என்பார். நான் கரண்டியைக் கீழே வைத்தால் நாற்காலிக் கையில் இடது கையால் ஓங்கி அடிப்பார். தவறான சொல் வருகிறது என்று அவர் காதுக்கே கேட்கிறது, அதுதான் கொடுமை. பார்க்க வந்த ஒரு அம்மாள், "எவ்வளவு பக்குவம் பாருங்க, எல்லாத்துக்கும் போதும்னுட்டார்" என்றாள். காபியைக் கூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

வீட்டுக்கு ஒரு பேச்சு டீச்சர் வந்தாள். மகள் வயதுதான் இருக்கும், ஆனால் கண்டிப்பில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். "அவருக்குள்ள வார்த்தை எல்லாம் பத்திரமா இருக்கும்மா. மெயின் ரோடு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். சந்து வழியா கூட்டிட்டு வரணும். எண்ணுறது, பாட்டு, இதெல்லாம் சந்து" என்றாள். மேஜையில் பிளாஸ்டிக் கப்புகளை வரிசையாக அடுக்கி, "ஒண்ணு, ரெண்டு சொல்லுங்க சார்" என்றாள். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். கப்புகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் அப்படியேதான்.

எனக்கும் அவளிடம் திட்டு விழுந்தது. "அவர்கிட்ட ஒண்ணு கேட்டா பத்து வினாடி வாயத் திறக்காம இருங்கம்மா. அவர் தேடிட்டு இருப்பார். நீங்க பதிலச் சொல்லிட்டா தேடுறத நிறுத்திடுவார்." பத்து வினாடி என்ன பிரமாதம் என்று நினைத்தேன். மூன்றாவது வினாடியிலேயே என் நாக்கு துள்ளியது. "கண்ணாடியா? கண்ணாடிதானே வேணும்? இந்தாங்க." அன்றைக்குக் கிளம்பும்போது டீச்சர் சொன்னாள்: "இன்னிக்கு மட்டும் பதினோரு தடவை அவருக்குப் பதிலா நீங்க பேசிட்டீங்க." நான் சண்டைக்குப் போனேன். அவள் போன பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவர் வாயை அடைத்தது நோய் பாதி, நான் பாதியோ என்ற பயம் அன்றைக்கு வந்தது. அது போகவே இல்லை.

டாக்டர் வேறு ஒரு கெடு சொல்லியிருந்தார். "முதல் ஆறு மாசத்துல வர்றதுதான் வேகமா வரும். அப்புறம் வராதுன்னு சொல்லல. ஆனா ரொம்ப மெதுவா வரும்." மெதுவா என்ற சொல்லைக் கேட்டு நான் பயந்தது அன்றைக்குத்தான். சமையலறை காலண்டரில் ஆறு மாசம் முடியும் தேதியை வட்டம் போட்டேன். ஐந்து மாசம் போயிற்று. "போதும்" தவிர ஒரு எழுத்து கூட வரவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வாசற்கதவின் மேல் தூண்டில் கோல் உறை சாய்ந்து கிடந்தது. ஒற்றைக் கையால் அலமாரியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். "இந்த நிலைமையில மீன் கேக்குதா?" என்று உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அடுத்த ஞாயிறும் வாசலில் கிடந்தது. திரும்ப உள்ளே வைத்தேன். மூன்றாவது ஞாயிறு, உறைக்குப் பக்கத்தில் அவருடைய ரப்பர் பூட்ஸ், அதற்குள் நீல நோட்டு. காலண்டரில் வட்டத்துக்கு எட்டு நாள்தான் பாக்கி. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "சரி, வாங்க! ஏரியைப் பாத்துட்டாவது நிம்மதியா இருங்க!" என்று கார் சாவியை எடுத்தேன். ஐயா ஏற்கெனவே சட்டைப் பொத்தானைப் போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கையால் அத்தனை பொத்தான்! விடியுமுன்பே ஆரம்பித்திருப்பார்.

மலைப்பாதையில் நான்தான் ஓட்டினேன். எங்கள் சொந்தக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. இருந்தாலும் ஒவ்வொரு வளைவிலும் அவர் இடது கால் காரின் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது.

ஏரிக் கரையில் படகுக்காரர் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். இருபது வருஷப் பழக்கம். "மாஸ்டர்! வந்துட்டீங்களா மாஸ்டர்!" என்று கட்டிப்பிடித்ததில் இவர் தள்ளாடிவிட்டார். "மெதுவா!" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இவர் கண்ணில் ஒரு சிரிப்பு வந்து போனது.

பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீரைக் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் என் கணக்கு. அவர் படகைக் காட்டினார். "நானும் கூட வரேன்மா, பயப்படாதீங்க" என்று படகுக்காரர் இவரைக் குழந்தை மாதிரி தூக்கி உட்காரவைத்து, மிதவைச் சட்டை மாட்டி, துடுப்புப் போட்டார். ஒரு ஓடை ஏரிக்குள் விழும் இடத்தில் கயிற்றில் கட்டிய கல்லை இறக்கிப் படகை நிறுத்தினார். இவர் கோலை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"போதும்," என்றார், புருவத்தை உயர்த்தி. உனக்கு எல்லாம் தெரியும், நடிக்காதே என்று அர்த்தம். இந்த ஐந்து மாசத்தில் அவர் புருவத்தைப் படிக்க மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

வீசினேன். அது ஒரு கூத்து. கோலைப் பின்னால் கொண்டுபோனால், சரடு பின்பக்கம் முழுசாக நீண்டு விரியும் வரை ஒரு கணம் காத்திருந்துவிட்டுத்தான் முன்னால் தள்ள வேண்டும். எனக்கு அந்தக் கணம் ஏது? விரிவதற்குள் தள்ளினேன். நுனியில் சாட்டை மாதிரி 'சடீர்' என்று சொடுக்கி, பூச்சி பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த பூச்சியும் அப்படியே போனது. மூன்றாவது, படகுக்காரர் தொப்பியைக் கவ்வியது. "டிரவுட்டு கெடைக்கலன்னாலும் தொப்பி கெடைச்சுது" என்றார் அவர். "நீங்க வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். இவர் இடது உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டி மெல்ல அமுக்கினார். காரில் காட்டும் அதே சைகை. அந்தக் கை தாழும் வரை காத்திருந்து தள்ளினேன். சரடு ஏழெட்டுக் கை தூரம் போய் ஒழுங்காக விழுந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

நோட்டைப் புரட்டினேன். போன வருஷம் இதே மாசம், இதே ஓடை முகத்தில், மேகமூட்டம், எதிர்க்காற்று: இருபத்திரண்டு. ஆஹா, விடை கையிலேயே இருக்கிறது! "ஒண்ணுரெண்டுமூணுநாலு" என்று மூச்சு விடாமல் இருபத்திரண்டு வரை எண்ணி இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி வீச்சு, மறுபடி இருபத்திரண்டு, ஒன்றுமில்லை. ஆறு தடவை. நோட்டு பொய் சொல்கிறது, மீன் குடி மாறிவிட்டது என்று புலம்பினேன். இவர் முகம் சிவந்துகொண்டே வந்தது. படகு விளிம்பில் இடது கையால் தட்டினார். "போதும்! போதும்!" என்றார். போதும், கிளம்பலாம் என்கிறாரோ என்று பார்த்தேன். புருவம் அப்படிச் சொல்லவில்லை. நரம்பு புடைக்கக் கோபம். முப்பது வருஷத்தில் லாரிக்கு நேரே போனவர்களிடமும் காட்டாத கோபம்.

ஏழாவது வீச்சு. சரடு தண்ணீரில் படிந்தது. "ஒண்ணுரெண்டுமூணு" என்று நான் ஆரம்பித்ததும் அவர் இடது கை என் தோளைப் பிடித்து அமுக்கியது. நான் நிறுத்தினேன்.

"ஒண்... ணு," என்றார்.

அவருடைய குரல்தான். கரகரப்பாக இருந்தது, ஆனால் அவருடைய குரல். படகுக்காரர் "மாஸ்..." என்று எழுந்தார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு." ஒரு நீண்ட மூச்சு. "மூணு." இன்னொரு மூச்சு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நோட்டில் எழுதியிருந்தது அவருடைய இருபத்திரண்டு. நான் எண்ணியது என்னுடைய இருபத்திரண்டு. அவர் எண்ணி முடிப்பதற்குள் நான் மூன்று தடவை எண்ணிவிடுவேன். என் பூச்சி ஆறு தடவையும் மேல்மாடியிலேயே சுற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறது. கீழ்மாடியில் இருப்பவர் வீட்டுக் கதவை நான் தட்டவே இல்லை. என் அவசரத்தைப் பொறுக்க முடியாமல்தான் மனிதருக்கு வாய் திறந்திருக்கிறது. என் குணம் இவ்வளவு வருஷத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

"பன்னண்டு... பதிமூணு... பதினாலு..."

அங்கே நின்றுவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் இங்கும் அங்கும் தேடியது. பதினஞ்சு! பதினஞ்சுங்க! என் நாக்கின் நுனியில் அந்தச் சொல் குதித்தது. வாயைத் திறந்தால் விழுந்துவிடும். கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டேன். மூன்று வினாடி போனது. ஐந்து போனது. சரடு தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அவர் நெற்றியில் வியர்வை. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது, நான் விடவில்லை. பத்து வினாடி இவ்வளவு நீளம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"பதி... னஞ்சு," என்றார். தானாகவே. யாரும் எடுத்துக் கொடுக்காமல்.

அப்புறம் இருபத்திரண்டு வரை நிற்கவே இல்லை. சொல்லி முடித்ததும் என் கையைப் பார்த்தார், இழு என்று. சாப்பாட்டு மேஜையில் அவர் காட்டுவாரே, அது போல சரடை விரல்களில் எட்டு போட்டுச் சுற்றிச் சுற்றி மெல்ல வாங்கினேன். பார்சல் நூல் சுற்றிய விரல்கள்தானே, அது தானாக வந்தது. பாதி வந்தது. முக்கால் வந்தது. ஒன்றும் தட்டவில்லை. படகுக்குப் பக்கத்தில் சரடின் நுனி தெரிந்ததும், சரி, அடுத்த வீச்சு என்று கோலைத் தூக்கப் போனேன்.

என் மணிக்கட்டில் அவர் இடது கை வந்து விழுந்தது. இரண்டாவது பிரேக்.

நிறுத்தினேன். தண்ணீருக்குள் எங்கள் பொய்ப்பூச்சி சும்மா தொங்கியது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. கோல் நுனி சட்டென்று வளைந்து தண்ணீருக்குள் இறங்கியது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. நான் கத்தினேன், படகுக்காரர் கத்தினார், சரடு விர்ரென்று ஓடியது, மீன் ஒரு தடவை மேலே துள்ளி எங்கள் மூன்று பேரையும் நனைத்தது. இழு என்று படகுக்காரர் ஒரு பக்கம், விடு என்று இவர் உள்ளங்கை ஒரு பக்கம். நான் உள்ளங்கையைத்தான் கேட்டேன். கைவலையில் ஏந்தியபோது ஒரு முழம் இருந்தது. வயிறு மஞ்சள், முதுகெல்லாம் கறுப்புப் புள்ளி. "நோட்டுல இருக்கிற மாடிக்கும் கீழ போயிருக்கும்மா பூச்சி. மாஸ்டர் பதினாலுல நின்னாரே, அதுல இன்னும் கொஞ்சம் இறங்கி இருக்கும்," என்றார் படகுக்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. இவர் மீனை இடது கையால் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார். அது மூச்சு வாங்கி, வாலை ஆட்டி, தானாகப் போகும் வரை பிடித்திருந்தார். வழக்கமாக இந்த இடத்தில்தான் "சீக்கிரம் விடுங்களேன்" என்று நான் சலித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அது சாயங்காலம் வரை அவர் கையில் இருந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அவர் களைத்துப் போயிருந்தார். உதடு வெளுத்திருந்தது. காற்றும் குளிர ஆரம்பித்துவிட்டது. எண்கள் வந்துவிட்டன, இதுவே பெரிசு, பேராசைப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குனிந்து கேட்டேன்.

"போதுமாங்க? கரைக்குப் போலாமா?"

கேட்ட பிறகுதான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இருக்கிற ஒரே சொல்லைத் தூக்கி நானே வாயில் வைத்துவிட்டேனே! அவர் வாய் திறந்தது. "போ..." என்று ஆரம்பித்தது.

ஆனால் அவர் அங்கே நிறுத்திவிட்டார். வாயை மூடினார். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி தேட ஆரம்பித்தார். நான் கோலை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், மனசுக்குள் அவருடைய வேகத்தில் எண்ணினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. படகுக்காரர் துடுப்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். ஏழு. எட்டு. ஒன்பது. பத்தும் தாண்டியது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

"இன்... னொண்ணு," என்றார்.

பிறகு கோலைக் கண்ணால் காட்டி, இன்னும் கொஞ்சம் தேடி, கண்டுபிடித்துச் சொன்னார்.

"மெதுவா... மேடம்."

அடுத்த வீச்சிலும் பூச்சி பிய்த்துக்கொண்டுதான் போனது. எனக்குக் கண் தெரிந்தால்தானே வீசுவதற்கு.